குப்பை தின்ற உப்பு

அமராவதி உப்பளத்தை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் உப்பளம் அவளை விட்டபாடில்லை. குதிகாலில் விழுந்த வெடிப்புகள் இன்னும் மூடவில்லை. வெளிச்சத்தில் நின்று பேசினால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பேசுவாள். எதிரே நிற்பவர்கள், இவள் எதற்கு நம்மை முறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். முறைப்பெல்லாம் ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷம் வெயிலில் உப்பைப் பார்த்துக்கொண்டே நின்ற கண், அவ்வளவுதான்.

இப்போது அவள் மரக்காணம் பேரூராட்சியின் குப்பைக் கிடங்கில் தரம் பிரிக்கும் எட்டுப் பெண்களில் ஒருத்தி. வாசலில் இருக்கும் பலகையில் 'வளம் மீட்புப் பூங்கா' என்று எழுதியிருக்கும். பூங்கா என்ற சொல்லை நம்பி, கீழ்புத்துப்பட்டுக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் கட்டுசாதத்தோடு உள்ளே வந்துவிட்டதாக அவள் கூட்டாளி மேரிசெல்வி சொல்வாள். மேரிசெல்வி சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கட்டுசாதம் அந்தக் கழிக்க வேண்டிய பாதியில் இருக்கலாம்.

அமராவதி இந்த வேலைக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். மழை பெய்தால் அளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் என்று வந்தவள், தை பிறந்து அளத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது போகவில்லை. தலைக்கு மேலே கூரை இருந்த வேலை அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல். "இனிமே உப்புப் பாத்தியில கால வெக்க மாட்டேன்," என்று புருஷன் குப்புசாமியிடம் சொல்லிவிட்டாள். அவன் இன்னும் அங்கேதான் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறான். அனுமந்தையில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிலர், குப்பை அள்ளுகிறவள் என்று மூக்கைச் சுளித்தார்கள். அவள் கவலைப்படவில்லை. குப்பை நாறும், ஆனால் உப்பு மாதிரி கடிக்காது என்பது அவள் கட்சி.

கிடங்கில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எந்தக் குப்பைக் கிடங்குக்குப் போனாலும் ஈ முகத்தில் மோதும். இங்கே மோதாது. அதற்குக் காரணம் அமராவதி கொண்டுவரும் ஒரு பை. மக்கும் குப்பை உரக்குழிக்குப் போய்விடும். விலைக்குப் போகிற பாட்டிலும் அட்டையும் வியாபாரியிடம் போய்விடும். மக்கவும் செய்யாமல் விற்கவும் முடியாமல் மிஞ்சுவது ஒரு ரகம்: குழந்தைக்குக் கட்டும் டயாபர், மீன் கழுவிப் போட்ட பிளாஸ்டிக் கவர், கிழிந்த துணி, பிய்ந்த செருப்பு, பிஸ்கட் காகிதம். அதை மூட்டை கட்டி, லாரி வருகிறவரை மூலையில் போட்டு வைப்பார்கள். நாலு நாளில் புழு வைத்துவிடும்.

கடலோரத்தில் பிறந்தவளுக்குப் புழுவைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கருவாட்டுக்கு என்ன போடுகிறோமோ அதைத்தான் போட வேண்டும். அளத்தில் லாரி ஏற்றிய பிறகு தரையில் சேறோடு சிந்திக் கிடக்கும் கறுப்பு உப்பை யாரும் வாங்க மாட்டார்கள். குப்புசாமி அதை ஒரு பையில் கூட்டி எடுத்து வருவான். அமராவதி சாயங்காலம் கிளம்புமுன் மூட்டைக்கு இரண்டு கைப்பிடி தூவிவிட்டு வாயைக் கட்டிவிடுவாள். உரக்குழிப் பக்கம் மட்டும் போக மாட்டாள், மண்புழு செத்துவிடும் என்று. இதைச் செய் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை. சூப்பர்வைசர் பக்தவச்சலம் மட்டும் வருகிற அதிகாரிகளிடமெல்லாம், "நம்ம ஷெட்டுல ஒரு ஈ காட்டுங்க பார்க்கலாம்," என்று மார் தட்டிக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கிடங்குக்கு வைகாசியில் சித்தார்த்தன் வந்தார்.

புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எஞ்சினியர். ஐம்பதை நெருங்குகிற வயது, முன் வழுக்கை, சட்டைப்பையில் மூன்று பேனா. மரக்காணத்து வீடுகளிலிருந்து வரும் குப்பையில் எரியக்கூடியது எவ்வளவு, அதை எரித்தால் எவ்வளவு சூடு கிடைக்கும் என்று கணக்கெடுக்க வந்திருந்தார். முதல் நாள் அவர் மூக்கில் கைக்குட்டை வைக்கவில்லை என்பதைப் பெண்கள் எட்டுப் பேரும் கவனித்துக்கொண்டார்கள். வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற கூட்டத்தில் சேர்ந்தவர் இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அவர் வருவதற்கு முந்தின நாள் பக்தவச்சலம் எல்லோரையும் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். எரிகிற குப்பை நல்லபடியாக எரியும் என்று ஆய்வில் வந்தால், அதை அமுக்கிக் கட்டும் ஒரு பிரஸ் மெஷின் இங்கே வரும். தொலைவில் இருக்கிற ஒரு சிமெண்ட் ஆலை அந்தக் கட்டுகளை நிலக்கரிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். ஷெட்டும் நிலைக்கும், எட்டுப் பேருக்கும் வேலையும் நிலைக்கும். வரவில்லை என்றால், ஊர்க் குப்பையைப் பிரிக்காமல் அப்படியே லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஷெட்டுக்குப் பூட்டு. மற்ற பெண்கள் என்ன நினைத்தார்களோ, அமராவதிக்கு அந்த நிமிஷமே குதிகால் எரிய ஆரம்பித்தது. இந்த வயதில் அவளை யார் புதிதாக வேலைக்குக் கூப்பிடுவார்கள்? அளம்தான் கூப்பிடும். அளம் எந்த வயதையும் கூப்பிடும்.

ஆய்வு ஏழு நாள் நடந்தது. தினமும் வேறு வேறு தெருவின் குப்பையைக் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகப் புரட்டி, தோசை மாதிரி வட்டமாகப் பரப்பி, நாலு கூறாகப் பிரிப்பார்கள். எதிரெதிர் கூறு இரண்டை எடுத்துவிட்டு மிச்ச இரண்டைத் திரும்பக் கலந்து, திரும்ப நாலு கூறு. கையாளும் அளவு வரும்வரை இப்படியே குறைத்துக்கொண்டு போக வேண்டும். "அண்ணன் தம்பிங்க சொத்து பிரிக்கிற மாதிரி இருக்குது சார்," என்றாள் மேரிசெல்வி. அங்கே அடிதடி நடக்கும், இங்கே நடக்காது, அதுதான் வித்தியாசம் என்றார் சித்தார்த்தன்.

அதற்குப் பிறகு தரம் பிரிப்பது. துணி, காகிதம், பிளாஸ்டிக், ரப்பர், டயாபர், தேங்காய் ஓடு என்று தனித்தனியாக எடை போடுவது. இதில் அமராவதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு கவரைக் கையில் கசக்கிப் பார்த்தே அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்வாள். மூன்றாம் நாளுக்குப் பிறகு சித்தார்த்தன் சந்தேகம் வந்தால் நோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்கு அதில் பெருமை. இந்த ஆய்வு நல்லபடி முடிய வேண்டும் என்று கருமாரிக்கு வேண்டிக்கொண்டும் இருந்தாள்.

எரிகிற ரகத்தையெல்லாம் ஒவ்வொரு நாளும் மூட்டை கட்டி, ஓரமாக வைத்து, கடைசி நாளில் மொத்தமாக ஆய்வகத்துக்கு எடுத்துப் போவது அவர் ஏற்பாடு. "இதுல எதையும் கலந்துடாதீங்க. அப்படியே இருக்கணும்," என்று தினமும் ஒரு தடவை சொல்லுவார். ஒரு மூட்டையை இன்னொரு மூட்டையோடு கலக்கக் கூடாது என்று அமராவதி புரிந்துகொண்டாள். கலக்கவும் இல்லை. தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள், நாய் இழுக்காமல் பார்த்துக்கொண்டாள். சாமான்யமான குப்பைக்கே புழு வைக்க விடாதவள், எஞ்சினியர் சாருடைய குப்பைக்குப் புழு வைக்க விடுவாளா? அவர் கணக்கெழுத ஆபீசுக்குப் போன பிறகு, சாயங்காலம் தோறும் மூட்டைக்கு இரண்டு கைப்பிடி. சாருடைய குப்பை என்பதால் சில நாள் மூன்று.

ஏழாம் நாள் சித்தார்த்தன் ஒவ்வொரு மூட்டையிலும் பாதியை எடுத்துப் போனார். மீதிப் பாதியைச் சீல் வைத்து மூலையில் அடுக்கச் சொன்னார். எடுக்கும்போது எடை போட்டுப் பார்த்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கட்டி வைத்தபோது இருந்ததைவிட மூட்டைகள் கனம் கூடியிருந்தன. கடல் காற்று, ஈரம் ஏறியிருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். முகத்திலேயே தெரிந்தது. பெண்களை உட்கார வைத்து, பக்தவச்சலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். குப்பையில் ஈரம் எதிர்பார்த்ததைவிட அதிகம், அதனால் சூடு குறைவு. அதைக்கூடச் சமாளிக்கலாம். குளோரின் என்று ஒன்று இருக்கிறது, அது இருக்க வேண்டியதற்கு மேல் பல மடங்கு இருக்கிறது. அப்படிப்பட்ட குப்பையை எரித்தால் உலைக்குள் பிசுக்குப் பிடிக்கும், இரும்பை அரித்துவிடும். எந்த ஆலைக்காரனும் வாங்க மாட்டான்.

யாராவது எதையாவது போட்டீர்களா என்று கேட்டார். பிளீச்சிங் பவுடர், பினாயில், கொசு மருந்து, எதுவானாலும் சொல்லலாம், யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்றார். பக்தவச்சலம் பிளீச்சிங் பவுடர் டப்பாவையே கொண்டுவந்து, மாதக்கணக்கில் மூடி திறக்காதது என்று காட்டினார். எட்டுப் பெண்களும் இல்லை என்றார்கள். அமராவதியும் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். நெஞ்சில் கை வைத்து, நினைத்துப் பார்த்துத்தான் இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சித்தார்த்தன் எழுந்தார்.

சாயங்காலம் அமராவதி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். கை வேலை செய்தது, மனசு அளத்தின் வரப்பில் நின்றுகொண்டிருந்தது. குப்புசாமி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவன் அப்படியே அவளைப் பார்த்தான்.

"என்னா போட்ட கொழம்புல?"

"ஏன்? எல்லாந்தான் போட்டேன். புளி, மொளகாத்தூளு, தக்காளி, மாங்கா, மீனு."

"உப்பு?"

உப்பு போடவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக மறந்துவிட்டாள். எழுந்து போய் ஜாடியில் கை விட்டாள். விட்ட கை வெளியே வரவில்லை. என்ன போட்டாய் என்று அவன் கேட்டான். புளியைச் சொன்னாள், மிளகாய்த்தூளைச் சொன்னாள். உப்பைப் போட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். குழம்பில் என்ன போட்டாய் என்று கேட்டால் உப்பு போட்டேன் என்று எவள் சொல்வாள்? அது போடுவதில் சேர்த்தியா?

காலையில் சார் கேட்டதும் அதே கேள்விதான்.

குப்புசாமி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஜாடியை மூடினாள். அவனிடம் சொன்னபோது அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, பேசாமல் இரு என்றான். அறிக்கை போனால் எட்டுப் பேருக்கும் வேலை போகும், ஆனால் யாரால் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் உன்னை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற ஏழு பேரை வைத்துக்கொள்வார்கள் என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கட்டிக்கொண்டவள் மேல் இருந்த அக்கறையில் சொன்னான். அமராவதிக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. எந்த உப்பை வேண்டாம் என்று விட்டு வந்தாளோ அதைத் தன் கையாலேயே தினம் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் சித்தார்த்தன் தராசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்தவச்சலம் பக்கத்தில் நின்றார். அமராவதி நேராக அவர்களிடம் போனாள்.

"சார், நான்தான் போட்டேன்."

"என்னம்மா போட்டீங்க?"

"உப்பு. அளத்து உப்பு. டெய்லி போட்டேன், புழு வெக்காம இருக்கட்டும்னு."

பக்தவச்சலத்துக்கு வியர்த்துவிட்டது. "நேத்து கேட்டப்ப இல்லன்னு சொன்னியே?"

"நேத்து நெனப்பே வரல சார். எதாவது போட்டீங்களான்னு கேட்டாரு. உப்பு போடறத எவ சார் சொல்லுவா?"

சித்தார்த்தன் அங்கே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, சாப்பாட்டு உப்பில் பாதிக்கு மேல் குளோரின்தான் என்றார். ஈரம் எங்கிருந்து வந்தது என்றும் அவருக்கு இப்போது புரிந்தது. சேற்று உப்பு காற்றில் இருக்கும் தண்ணீரையெல்லாம் குடித்துக் கசியும். மழை வருமுன் அம்பாரமாகக் குவித்த உப்பு வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று அமராவதி சொன்னாள். பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இரண்டு கேள்விக்கும் ஒரே விடை கிடைத்ததில் அந்த மனிதருக்குச் சந்தோஷம். பக்தவச்சலத்துக்குச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஈ இல்லாத ஷெட் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். இன்றோடு நின்றுகொள் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

சித்தார்த்தன் குறுக்கே வந்தார். நிறுத்துவதை அப்புறம் பார்க்கலாம், முதல் ஆய்வைத் தள்ளிவிட்டுத் திரும்ப ஏழு நாள் எடுக்க மேலே அனுமதி கேட்க வேண்டும் என்றார். ஒரு தொழிலாளி சொன்னாள் என்று எழுதினால் கேட்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும் குளோரின் கழுவினால் போகாது, உப்பாக ஒட்டியிருந்தால் தண்ணீரோடு வந்துவிடும். சீல் வைத்த மூட்டைகளைக் கழுவி, அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியக் காட்ட வேண்டும்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆவணும்," என்றாள் மேரிசெல்வி, பின்னாலிருந்து.

அமராவதி ஷெட்டுக்கு வெளியே பார்த்தாள். கிழக்கே அளங்கள், அவற்றுக்கு மேலே மேகமே இல்லாத வானம். "உப்பக் கண்ணுல காட்டணும், அவ்ளோதான சார்? வெயிலு இருக்குது," என்றாள்.

ஷெட்டின் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும், அது ஆகாது. சித்தார்த்தன் இருபது லிட்டர் குடிதண்ணீர்க் கேன்கள் வரவழைத்தார். நாம் குடிக்காத தண்ணீரில் டயாபர் குளிக்கிறது என்று பெண்கள் சிரித்தார்கள். கழுவின தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டி டிரம்மில் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு அமராவதிக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வாசலில் நாள் முழுக்க நிழல் விழாத இடமாகப் பார்த்து, தரையைச் சமமாக்கி, நாலு பக்கமும் மணலால் வரப்பு பிடித்து, மேலே கறுப்புத் தார்ப்பாயை விரித்து அழுத்தினாள். பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. பெரியதில் கழுவின தண்ணீர், சின்னதில் வெறும் கேன் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க. தண்ணீரை விரல் கணு அளவுக்கு மேல் விடவில்லை. வற்ற வற்ற ஊற்றினாள். நடுவே பக்தவச்சலம் குச்சியால் கிளற வந்தபோது, "கைய வெக்காதீங்க சார், உப்பு பூக்கற நேரம்," என்று அதட்டிவிட்டாள். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் அதட்டியதும் அவர் கையை எடுத்துவிட்டார்.

வியாழன் மத்தியானம் ஓரத்தில் முதல் பூ விழுந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தார்ப்பாய் முழுக்க உப்பு பூத்துக் கிடந்தது. உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை ஒரு மூலைக்கு ஒதுக்கி வடித்தாள், அதையும் சித்தார்த்தன் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டுப் பலகையால் உப்பை வாரிக் குவித்தாள். சின்னப் பாத்தியில் கொஞ்சம் தூசிதான் மிச்சம். பாத்தியில் கால் வைக்க மாட்டேன் என்ற வைராக்கியம் அங்கேயே உடைந்தது, பாத்தி அவளே கட்டியதாக இருந்தாலும். ஆனால் அவளுக்கு அழுகை வரவில்லை. கை மறக்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குஷி, அதற்காக ஒரு வெட்கம்.

சித்தார்த்தன் படம் எடுத்தார், எடை போட்டார், உப்பை ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் ஆய்வுக்கு அனுமதி வந்தது. பக்தவச்சலமும் இறங்கி வந்தார், பாதி தூரம் மட்டும். "ரிசல்ட் வரட்டும். சரியில்லன்னா மொதல்ல நீதான் வெளிய போவ," என்றார்.

அந்த ஏழு நாளும் ஷெட்டில் ஈ வந்தது. பழைய பாக்கியையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த மாதிரி வந்தது. நாலாம் நாள் புழுவும் வந்தது. மூட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் அமராவதிக்குக் கை பரபரத்தது. முந்தானையில் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். பக்தவச்சலம் தினம் காலையில் வாசலிலேயே அவள் பையைச் சோதித்தார். அவர் சோதிப்பதற்கு முன்பே அவள் சோதித்திருந்தாள். மத்தியானக் கஞ்சிக்கு என்று கொண்டுவரும் உப்புப் பொட்டலத்தைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். கூட்டாளிக்காக மேரிசெல்வியும் முதல் நாள் உப்பில்லாமல் சாப்பிட்டாள், இரண்டாம் நாள் ஊறுகாயோடு வந்துவிட்டாள்.

கடைசி நாள் மூட்டைகளை ஏற்றும்போது சித்தார்த்தன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார், எதையாவது கலந்தீர்களா என்று.

"இல்ல சார். கஞ்சிக்கே போடல," என்றாள் அமராவதி.

மூன்று வாரம் அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. அளத்துப் பக்கமாக நடந்து வருகிற வழியை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், யாராவது பார்த்து வேலைக்கு வர்றியா என்று கேட்டுவிடுவார்கள் என்று. ஆடி பிறந்த வாரத்தில் முடிவு வந்தது. குளோரின் அளவுக்குள் இருந்தது. ஈரம் இறங்கிவிட்டது. மரக்காணத்து எரிகுப்பையின் சூடு, நம் பக்கத்துக் காய்ந்த சவுக்கு விறகுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று சித்தார்த்தன் போனில் சொன்னார். பக்தவச்சலம் போனை வைத்துவிட்டு வந்து, நாளைக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்து சேருங்க என்றார். எல்லாரும் என்று சொல்லும்போது அமராவதியைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆவணியில் பிரஸ் மெஷின் வந்து இறங்கியது. அன்றைக்கு சித்தார்த்தனும் வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அமராவதியைக் கூப்பிட்டு அந்தப் பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கொடுத்தார். ஆய்வகத்தில் மாதிரிகளை ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள், இதைக் கொட்ட மனசு வரவில்லை என்றார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். மடியில் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் குப்புசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எதுக்கு? கொழம்புக்குக்கூட ஆவாதே," என்றான்.

"கொழம்புக்கு இல்ல."

ஐந்தாவது வரை படித்தவள். வாசல் வெளிச்சத்துக்கு வந்து, சீட்டில் இருந்ததை எழுத்தின் கீழே விரலை வைத்துக்கொண்டு படித்தாள். மாதிரி எண் இருந்தது, தேதி இருந்தது. இடம்: மரக்காணம். பொருள்: உப்பு. மற்ற எல்லாச் சீட்டிலும் சார் தன் பெயரை எழுதியதைப் பார்த்திருந்த கடைசி வரிக்கு வந்தபோது அவள் விரல் நின்றது. எடுத்தவர்: அமராவதி.

பதினெட்டு வருஷத்தில் அவள் வாரிக் குவித்த உப்பு எத்தனையோ லாரி ஏறிப் போயிருக்கிறது. மூட்டையில் முதலாளி பெயர் போட்டிருக்கும், கம்பெனி பெயர் போட்டிருக்கும். எடுத்தவர் என்று ஒரு வரி உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. இன்னொரு தடவை படித்தாள். குப்புசாமியிடமும் படித்துக் காட்டினாள். அவன் எழுந்து போய்ச் சுத்தியலையும் ஓர் ஆணியையும் தேடி எடுத்து வந்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது பாக்கெட்டுக்குள் உப்பு கசிய ஆரம்பித்தது. அமராவதி அதைச் சுவரிலிருந்து எடுத்து, சீட்டில் இருக்கும் எழுத்து அழிந்துவிடாமல், அடுப்பு மேடைக்கு மேலே சூடு படுகிற இடமாகப் பார்த்து மாட்டினாள்.